ஹார்ட்டா, கேஸா: கம்பம்மெட்டு ரோட்டில் ஒரு ஜீப்காரரின் ஒன்பது மாதம்

"அக்கா, இது ஹார்ட்டா கேஸா, ரெண்டுல ஒண்ண மட்டும் சொல்லிருங்க" என்று கேட்டுக்கொண்டேதான் அவர் உள்ளே வந்தார். 2024 ஜூன் மாதம், சாரல் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. கையில் மஞ்சள் பை. அதற்குள் மூன்று இ.சி.ஜி., ஒரு எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட், வயிற்று ஸ்கேன், வெவ்வேறு டாக்டர்கள் எழுதிய மருந்துச் சீட்டுகள், ஒரு தர்காவில் மந்திரித்துக் கொடுத்த கயிறு. ரிப்போர்ட் எல்லாம் நார்மல். ஆள்தான் நார்மலாக இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து வலது காலை ஆட்டிக்கொண்டே இருந்தார், பிரேக்கை மிதிக்கிற மாதிரி.

நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமூகப்பணி படித்துவிட்டு கம்பம் பக்கம் ஒரு சின்னத் தொண்டு அமைப்பில் பதினோரு வருடமாக இருக்கிறேன். மன வருத்தத்தோடு வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசுவது, டாக்டர் தேவைப்பட்டால் கூட்டிப்போவது, அப்புறம் வீட்டுக்குப் போய் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பது, இவ்வளவுதான் என் வேலை. இதை எழுத அவரும் அவர் மனைவியும் சம்மதித்தார்கள். வயது, குடும்ப விவரம் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பெயர் வேண்டாம், ஜீப்காரர் என்றே வைத்துக்கொள்வோம், ஊரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி சுற்றுவட்டாரக் கிராமங்களில் தினமும் கருக்கலிலேயே ஜீப்புகள் கிளம்பிவிடும். குமுளி வழியாக, கம்பம்மெட்டு வழியாக, போடிமெட்டு வழியாக மலையேறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும். உள்ளே பெரும்பாலும் பெண்கள், மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு. சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவார்கள். வீடு தமிழ்நாட்டில், கூலி கேரளாவில். புத்தடியிலும் போடியிலும் ஏலக்காய் நல்ல விலைக்குப் போகிற வருடம் கம்பத்துத் துணிக்கடைகளைப் பார்த்தாலே தெரியும். எல்லை என்பது இவர்களுக்கு ஒரு செக்போஸ்ட், அவ்வளவுதான், அது திறந்திருக்கும் வரை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சனை வெடித்தபோது அது அடைபட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஜீப்புகள் எல்லாம் வீட்டு வாசலிலேயே நின்றன. 2024 கோடையில் பாதை திறந்துதான் இருந்தது, ஆனால் வெயிலும் வறட்சியும் இடுக்கியில் ஏலச்செடியைக் கருக்கிப் போட்டுவிட்டன, தோட்டங்களில் ஆள் கூப்பிடுவது குறைந்தது. போதாததற்கு இப்போது பல தோட்டங்களில் வட மாநிலத்து ஆட்கள் அங்கேயே தங்கி வேலை செய்கிறார்கள். தினமும் ஏறி இறங்குகிறவர்களின் ஜீப்பில் இடம் காலியாகிக்கொண்டே வருகிறது.

நம்ம ஆள் 43 வயது. பதினாறு வருடமாக வண்டன்மேடு பக்கத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றுகிறார். சொந்த ஜீப், ஃபைனான்ஸில் எடுத்தது. மனைவியும் அதே ஜீப்பில் ஏறி ஏலக்காய் எடுக்கப் போகிறவர். ஒரு மகள் பிளஸ் டூ, மகன் எட்டாவது, வீட்டில் வயதான அம்மா.

2023 அக்டோபரில் மழையும் மூடுபனியுமாக இருந்த ஒரு சாயங்காலம், இறக்கத்தில் ஒரு வளைவில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. ஜீப்பைப் பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப்பக்கம் திருப்பி மண்மேட்டில் மோதி நிறுத்தியிருக்கிறார். அந்த நேரத்தில் அதைவிட நல்ல முடிவை யாரும் எடுத்திருக்க முடியாது என்றுதான் மற்ற டிரைவர்களும் சொல்கிறார்கள். பலருக்குச் சிராய்ப்பு, ஒரு பெரியம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. உயிர்ச் சேதம் இல்லை. தோட்டத்தில் கணக்கு எழுதுகிற சேட்டன் "சாரமில்லா", அதாவது பரவாயில்லை, என்று முதுகில் தட்டினார். நாலாவது நாள் வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. ஊரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

அவருக்கு முடியவில்லை. ஒரு மாதம் கழித்து ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வர ஆரம்பித்தது, அதற்கப்புறம் தூக்கம் கிடையாது. சாப்பிட உட்கார்ந்தால் நெஞ்சில் அடைப்பு. அந்த வளைவு நெருங்கும்போது படபடப்பு, உள்ளங்கையில் வியர்வை, விரல் நுனி மரத்துப்போவது, "இப்பவே செத்துருவேன்" என்கிற நினைப்பு, பத்து நிமிடத்தில் தானாக அடங்குவது. பீடி கூடியது. டீ ஒரு நாளைக்கு ஒன்பது பத்து கிளாஸ். ராத்திரி குவார்ட்டர் போட்டால் தூக்கம் வருகிறது என்று கண்டுபிடித்தார், ஆனால் சாராயத் தூக்கம் பாதி ராத்திரியோடு போய்விடும், இரண்டு மணி விழிப்பு இன்னும் மோசமானது. ஒரு மெடிக்கலில் சீட்டு இல்லாமலேயே தூக்கத்துக்கு அரை மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அது ஒன்றரை ஆனது.

இதற்கிடையில்தான் அந்த மஞ்சள் பை நிறைந்தது. முதல் இ.சி.ஜி. எடுத்ததில் தப்பே இல்லை. நாற்பதைத் தாண்டியவர், பீடி குடிக்கிறவர், நெஞ்சு அடைக்கிறது என்றால் முதலில் இருதயத்தைத்தான் பார்க்க வேண்டும், "மனசுதான்" என்று உட்காரவைத்து உபதேசம் பண்ணக்கூடாது. இரண்டாவதையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது இ.சி.ஜி.யும் எண்டோஸ்கோப்பியும் எதற்கு? ஒரு வருடத்துக்குள் அவ்வளவு டாக்டர்களைப் பார்த்திருக்கிறார், "போன வருஷம் என்ன நடந்தது" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நெஞ்சைக் காட்டினார், வயிற்றைக் காட்டினார், வளைவைக் காட்டவில்லை.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. மன வேதனைக்கு ஜனங்கள் வைத்திருக்கிற பெயர் ஊருக்கு ஊர் வேறு. ஜிம்பாப்வேயில் ஷோனா மொழியில் அதற்கு "குஃபுங்கிசிசா" என்று பெயர், அதிகமாக யோசிப்பது என்று அர்த்தம். அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் ஊர்ப் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து சுகாதார நிலைய வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு உட்காரவைத்தார். பாட்டிகள் நோயின் பெயர் எதையும் சொல்லமாட்டார்கள், யோசனை ஜாஸ்தியா என்றுதான் கேட்பார்கள், அப்புறம் பிரச்சனைகளில் ஒன்றை மட்டும் எடுத்து அதற்கு என்ன செய்யலாம் என்று பேசுவார்கள். பலன் இருப்பது ஆராய்ச்சியிலும் தெரிந்தது. எங்கள் பக்கமும் "ரொம்ப யோசனையா இருக்கு", "நெஞ்சு கனமா இருக்கு", "கேஸ் அடைக்குது" என்றுதான் வரும். மனச்சோர்வு என்று யாராவது சொன்னால் அது டி.வி. பார்த்துச் சொல்வது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடும் கேரளமும் உட்பட 12 மாநிலங்களில் எடுத்த கணக்கெடுப்பில், மனநலப் பிரச்சனை உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரை என்று வந்தது. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கையில் இ.சி.ஜி. சுருளோடு அலைகிறார்களோ.

என் முதல் தப்பு

முதல் நாள் நான் செய்தது தப்பு. அதை மறைத்துவிட்டு இந்த ஆய்வை எழுதுவதில் அர்த்தமில்லை. கதையைக் கேட்டேன், விபத்தைப் பற்றி மேலோட்டமாகச் சொன்னார், எனக்கு உடனே "ஆகா, இதுதான்" என்று புரிந்துவிட்ட பெருமை. கண்ணை மூடுங்கள், மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடுங்கள் என்று பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். மூச்சை நிதானமாக வெளியே விடுவது படபடப்பைக் குறைக்கும், அது சரிதான். ஆனால் விபத்தைப் பார்த்த ஒருவரைக் கண்ணை மூடச் சொன்னால் அவருக்கு என்ன தெரியும்? மண்மேடு தெரியும். இரண்டு நிமிடத்தில் கண்ணைத் திறந்து, "டைம் ஆச்சுக்கா" என்று எழுந்து போய்விட்டார். மூன்று வாரம் வரவில்லை.

அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்கும், ஏன் என்று கீழே தெரியும்.

அவரைத் திரும்பக் கூட்டிவந்தது நான் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவர் அம்மாவுக்கு பி.பி. பார்க்க வீட்டுக்கு வருகிற தங்கச்சி, ஒரு நாள் சும்மா இவருக்கும் பட்டையைச் சுற்றிப் பார்த்திருக்கிறார், 150/100. "அண்ணே, ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குத்தான் அவர் அழுதிருக்கிறார். தூக்கத்தைப் பற்றிக் கேட்பதில் யாருக்கும் கூச்சம் கிடையாது, அதனால்தான் கதவு திறந்தது என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் நான் யாரிடமும் "கவலையா" என்று ஆரம்பிப்பதில்லை, தூக்கத்தில் இருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

கேட்டே ஆக வேண்டிய கேள்வி

இரண்டாவது தடவை வந்தபோது முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "இந்த மாதிரி சமயத்துல சில பேருக்குச் செத்துப்போயிடலாமானு தோணும் தம்பி. உங்களுக்குத் தோணிருக்கா?"

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "வண்டியில ஆள் இருக்கும்போது தோணாதுக்கா. வெறும் வண்டியா இறங்கும்போது, ரெண்டு தடவ."

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை. என் அனுபவத்திலும், கேட்கப்பட்டவர்கள் முகத்தில் முதலில் வருவது ஒருவிதமான ஆசுவாசம், அப்பாடா ஒருத்தராவது கேட்டார்களே என்று. அன்றைக்குப் பேச்சை அதோடு நிறுத்தி வேலையில் இறங்கினோம். ஜீப் சாவி மனைவி கைக்குப் போனது. தோட்டத்து மருந்து கேன் ஒன்று வீட்டில் இருந்தது, அதைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பினோம். இது சாதாரணக் காரியமாகத் தெரியும், ஆனால் ஆபத்தான பொருளைக் கைக்கெட்டாத தூரத்தில் வைப்பது எவ்வளவு உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு இலங்கை சாட்சி, கடும் விஷமுள்ள பூச்சிமருந்துகளை அங்கே ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு தற்கொலை விகிதம் பெரிய அளவில் இறங்கியது. ராத்திரி மச்சான் திண்ணையில் படுத்துக்கொண்டார். காலையில் முதல் பஸ்ஸில் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம்.

மனைவிக்கு ஒரு பயம் இருந்தது, "ஆஸ்பத்திரியில இதச் சொன்னா போலீஸ் கேஸ் ஆயிருமா?" ஆகாது. எண்ணம் வருவது எந்தக் காலத்திலும் குற்றம் இல்லை. முயற்சி செய்தவரைக்கூட, கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்றுதான் 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு சொல்கிறது. 2018 மே மாதத்தில் இருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ராத்திரி நேரத்தில் இப்படி ஒருவர் பக்கத்தில் இருந்து, என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் பண்ணுங்கள், டெலி மனாஸ், 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். கேரளப் பக்கம் இருந்தால் திசா 1056 இருக்கிறது. ஆனால் போனைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், கூடவே உட்காருங்கள்.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார், வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினார். மெடிக்கல் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று அதற்கும் ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தார். இரண்டு வாரம் வேறு டிரைவர் வண்டி ஓட்டினார். தினப்படி கொடுத்தது போக மிச்சம் ஒன்றுமில்லை, அந்த மாதக் குழுத் தவணைக்கு மனைவியின் கம்மல் போனது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும், "ஓய்வு எடுங்கள்" என்று சொல்கிறவர்கள் யாரும் அந்தக் கம்மலைக் கணக்கில் எடுப்பதில்லை.

சாணா, முழமா

கடன் எவ்வளவு என்று கேட்டேன். "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் என்ன முழம் என்ன" என்றார். எனக்கு இந்தப் பழமொழி மேல் ரொம்ப நாளாக ஒரு கோபம் உண்டு. ஒரு சாணுக்கும் ஒரு முழத்துக்கும் நடுவில்தான் ஆள் மூச்சு விடுகிறான். மகளின் பழைய கணக்கு நோட்டை எடுத்து எழுத வைத்தேன். ஜீப் ஃபைனான்ஸ், ஊரடங்கில் வைத்த நகை, மனைவி பெயரில் இரண்டு குழு லோன், ஒரு தண்டல், மச்சானிடம் கைமாற்று. மூன்று லட்சம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கூட்டினால் 4,60,000.

நான் பயந்துவிட்டேன். கூட்டாமலேயே இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் அன்றைக்கு ராத்திரி அவர் நாலு மணி வரை தூங்கினார். மறுநாள் போனில் சொன்னது: "ஜாஸ்திதான்க்கா. ஆனா இவ்வளவுதான்னு தெரிஞ்சிருச்சுல்ல." ஒரு வருடமாக அந்தக் கணக்கைப் பார்க்காமல் இருப்பதற்கே அவர் செலவழித்த தெம்பு எவ்வளவு இருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கேஸில் இருந்த முடிச்சும் அதுதான். நோட்டைப் பார்க்காமல் இருந்தார், வளைவைப் பார்க்காமல் இருந்தார் (வேறு வழியாகச் சுற்றிப்போய் டீசல் வீணாக்கிக்கொண்டிருந்தார்), இன்னும் ஒன்றைப் பார்க்காமல் இருந்தார், அது பின்னால் வருகிறது. பார்க்காமல் விட்டவை எல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து உட்கார்ந்துகொண்டன.

தண்டல்தான் ரொம்பக் கடிக்கிறது என்று தெரிந்தது, தினமும் வாசலில் வந்து நிற்கிற கடன் அது. தமிழ்நாட்டில் 2003-ல் இருந்தே கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் இருக்கிறது, ஆனால் அவர் புகார் கொடுக்க விரும்பவில்லை, கொடுத்தவர் சொந்த ஊர்க்காரர். சரி, வற்புறுத்தவில்லை. மச்சான் கூடப் போய்ப் பேசி, வட்டியை நிறுத்தி அசலை மட்டும் வாராவாரம் கட்டுவதாக முடித்தார்கள். மற்றக் கடன்கள் அப்படியே இருந்தன, இன்றைக்கும் இருக்கின்றன.

தூக்கத்துக்குச் செய்தவை எல்லாம் சப்பென்று இருக்கும், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் டீ இல்லை, ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும் என்பதால் வாரத்துக்கு இரண்டு கிளாஸ் வீதம் குறைத்துக்கொண்டே வந்தார். டீயில் இருக்கிற காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ராத்திரி எட்டு மணி டீ ஒரு மணிக்கும் உடம்பில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் நாலரைக்கே எழுந்தார். விழிப்பு வந்தால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து திண்ணைக்குப் போய், மறுபடி கண்ணைச் சொருகினால் படுக்கைக்கு வந்தார். குவார்ட்டர் முழுதாக நிற்கவில்லை, சனிக்கிழமைக்கு ஒதுங்கியது.

வளைவுக்கு ஒரு மாதம் ஆனது. முதல் நாள் மச்சானோடு பைக்கில் போய் ரோட்டோரம் நின்றார். கண்ணைத் திறந்துதான், நான் பாடம் படித்துவிட்டேனே. படபடப்பு ஏறும், ஏறட்டும், ஓடாமல் நிற்க வேண்டும், கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டு எதிரில் என்ன தெரிகிறதோ அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்: மைல்கல், ஒரு குரங்கு, ரெண்டு குரங்கு, லாரி, கேரளா வண்டி. இருபது நிமிடத்தில் இறங்கியது. நாலு நாள் இதே வேலை. அப்புறம் பகலில் வெறும் ஜீப்பில், மச்சான் பக்கத்தில். அப்புறம் ஆள் ஏற்றிக்கொண்டு. மழையில் ஓட்டியதுதான் கடைசி. ஓடினால் பயம் பெரிதாகும், இறங்கும் வரை நின்றால்தான் உடம்பு நம்பும். இதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தோம்.

பெரியம்மா

ஆகஸ்டில் ஒரு நாள், எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னார். முக்கியமானதை ஜனங்கள் வாசலில்தான் சொல்வார்கள். விபத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பே பிரேக் லைனிங் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். அந்த வாரம் மகளுக்கு டியூஷன் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். இது மனைவிக்குக்கூடத் தெரியாது. மணிக்கட்டு முறிந்த பெரியம்மாவை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை, அவர் தெருவையே சுற்றிக்கொண்டு போவார். பத்து மாதமாக.

"உங்க மேல தப்பில்ல, விடுங்க" என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. சொல்லவில்லை, ஏனென்றால் கொஞ்சம் தப்பு இருந்தது, அது அவருக்கும் தெரியும். தப்பே இல்லை என்று நான் சொல்லியிருந்தால் இன்னொரு ஆளாலும் இதைக் கேட்க முடியவில்லை என்று நினைத்திருப்பார். போய்ப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். இரண்டு வாரம் இழுத்தார்.

போனோம். பெரியம்மா திண்ணையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் கத்தி கீழே இறங்கவில்லை. "இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்றார். இவர் லைனிங் விஷயத்தைச் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு, பாதி எனக்கே கேட்கவில்லை. பெரியம்மாவுக்குக் கேட்டது. வசைமாரி. எழுத முடியாத வார்த்தைகள் உட்பட. அதற்கப்புறம் கொஞ்சம் அடங்கி, "கை ஒடஞ்சதக்கூட விட்டுத் தள்ளுப்பா. எத்தன வருஷம் உன் வண்டியில ஏறிருக்கேன். நீ எட்டிப் பாக்கலையே" என்றார்.

மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை. இரண்டரை மாதம் வேலைக்குப் போகாத கூலி என்ன கணக்கு என்று கேட்டார். பேரம் நடந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. வாரத்துக்கு ஐந்நூறாகக் கட்டுவதாக முடிந்தது. கடன் நோட்டில் ஏழாவது வரி ஏறியது. வரும்போது ஜீப்பில் அவர் பாட்டு போட்டார், அந்த வருடத்தில் முதல் தடவை என்று மச்சான் சொன்னார்.

மருந்து, தூக்கம், வளைவுப் பயிற்சி, கடன் நோட்டு, பெரியம்மா, இதில் எது அவரைத் தூக்கிவிட்டது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மருந்து இல்லாமல் பெரியம்மா வீட்டு வாசல்வரை நடந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

நான் பார்க்காத ஆள்

இந்த மூன்று மாதமும் அவர் மனைவி கூடவே இருந்தார். சாவியை வாங்கி வைத்தார், மாத்திரையை எண்ணிக் கொடுத்தார், கம்மலைக் கழற்றிக் கொடுத்தார், காலை மூன்றரைக்கு எழுந்து சோறாக்கி ஐந்து மணிக்கு அதே ஜீப்பில் ஏறினார். எனக்கு அவர் "ஒத்துழைப்பு தருகிற குடும்ப உறுப்பினர்". அப்படித்தான் ஃபைலில் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தில்.

செப்டம்பரில் வீட்டுக்குப் போனபோது ஜீப்காரருக்கு மறுபடி அந்த ஒன்பது கேள்விப் படிவத்தை நிரப்பினேன். பி.ஹெச்.க்யூ-9 என்பார்கள், கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, எதிலும் நாட்டமின்மை இதெல்லாம் எத்தனை நாள் இருந்தது என்று கேட்பது, மொத்தம் 27 மார்க், பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும். ஜூனில் 14 இருந்தவர் 6-க்கு வந்திருந்தார். எனக்குச் சந்தோஷம். பாத்திரம் விளக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, "இதையெல்லாம் கேட்டா எனக்கும் எல்லாத்துக்கும் ஆமான்னுதான் வரும்" என்றார், சிரித்துக்கொண்டே.

உட்காரவைத்துக் கேட்டேன். 17. கடைசிக் கேள்விக்கு, அதாவது சாவு பற்றிய கேள்விக்கு, இல்லை என்றார், நான் விடாமல் இரண்டு தடவை கேட்டேன், பிள்ளைகளை நினைத்தால் அப்படித் தோன்றாது என்றார். மற்றதெல்லாம் நிறைய. ஜீப்பில் அன்றைக்கு அவரும்தான் இருந்திருக்கிறார். முன் சீட்டில். அவர் அலறியது எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. இரண்டு குழு லோனும் அவர் பெயரில், வாரக் கூட்டத்தில் தவணை இல்லாமல் மற்றப் பெண்கள் முன்னால் உட்காருவது அவர்தான்.

ஆணுக்கு வந்தால் நெஞ்சு அடைக்கிறது, வண்டி நிற்கிறது, வருமானம் நிற்கிறது, வீடே கூடிவிடுகிறது. இவருக்கு வந்தபோது எதுவும் நிற்கவில்லை. சோறு வெந்தது, ஏலக்காய் பறிக்கப்பட்டது, பாத்திரம் விளக்கப்பட்டது. வேலை நடந்துகொண்டே இருந்தால் ஆள் நன்றாக இருக்கிறாள் என்று நாங்கள் எல்லோரும், என்னையும் சேர்த்துத்தான், முடிவு பண்ணிக்கொள்கிறோம்.

அவருக்கு என்ன உதவும் என்று கேட்டபோது மருந்தும் வேண்டாம் பேச்சும் வேண்டாம் என்றார். "ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாராச்சும் எனக்கு டீ போட்டுக் குடுத்தா நல்லாருக்கும்." மகன் போட்டுக் கொடுத்தான், சர்க்கரை அதிகம். ஞாயிற்றுக்கிழமை சமையல் ஜீப்காரர் பொறுப்பு என்று ஒப்பந்தம் ஆனது, மூன்று வாரம் நடந்தது, பிறகு ஹோட்டல் பரோட்டாவாக மாறியது, அதுவும் பரவாயில்லை என்கிறார். குழுக் கூட்டத்துக்கு இப்போது கணவரும் கூடப் போய் வெளியே நிற்கிறார். இதனால் அவருடைய மார்க் 13-க்கு இறங்கியது. 13 போதாது. டாக்டரைப் பார்க்க வேண்டும்.

2025 மார்ச்சில் நான் கடைசியாகப் போனபோது ஜீப்காரர் மருந்தைத் தொடர்ந்துகொண்டிருந்தார், பாதியில் விட்டுவிடக்கூடாது என்று டாக்டர் சொன்னதை எனக்கே திருப்பிச் சொன்னார். பெரியம்மாவுக்குக் கட்ட வேண்டியதில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது, அவர் மறுபடியும் இதே ஜீப்பில்தான் ஏறுகிறார். மூடுபனி நாளில் மட்டும் ஜீப்காரருக்கு இன்னும் கை வியர்க்கிறதாம்.

மனைவிக்கு க.விலக்குக்குப் போக நவம்பரில் ஒரு நாள் குறித்தோம், காய் எடுப்பு முடியட்டும் என்றார். முடிந்தது. பிப்ரவரியில் குறித்தோம், கவாத்து வேலை ஆரம்பித்துவிட்டது என்றார். இந்தத் தடவை நான் நாள் குறிக்கவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு ஜீப் கிளம்பும்போது, ஜீப்காரர் அவரை ஏற்றாமல் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். நான் அங்கே நிற்பேன்.